வாய் படாத கொய்யா

காலை ஆறு மணி எட்டு நிமிடம். முதலில் கண்ணில் பட்டது அரைக் கொய்யாப்பழம். மரத்தடியில், பனியில் நனைந்த மண்ணில், கடிபட்ட பக்கம் மேலே பார்க்கக் கிடந்தது. உள்சதை இளஞ்சிவப்பு. எறும்பு இன்னும் வரவில்லை. விழுந்து அதிக நேரம் ஆகியிருக்காது என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மாசி மாதத் தொடக்கம். அரியலூரிலிருந்து கல்லங்குறிச்சிக்குப் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளியிருந்த ஊரில், என் அக்கா வீட்டுக் கொல்லையில் நின்றிருந்தேன். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலை அரைக் கிலோமீட்டர் தள்ளி இருந்தது. லாரி தெரியாது. அதன் சத்தம் மட்டும் பனிக்குள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கமாக வெளியே போகும். கொய்யா இலைகளில் அந்தச் சாலையின் வெள்ளைத் தூசி படிந்திருந்தது. பனித்துளி உருண்டு ஓடிய தடங்களில் மட்டும் இலை பச்சையாக இருந்தது.

அக்கா பின்கதவில் வந்து நின்றாள்.

"போச்சா?"

"போச்சுக்கா. கிழக்குக் கிளையில இருந்தது."

அவள் அண்ணாந்து பார்த்து உதட்டை அசைத்து எண்ணினாள். "இன்னும் ஆறு," என்றாள். உள்ளே போனாள்.

நான் அங்கே போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் ஒரு தொலைபேசி. மாமா, அதாவது அக்காவின் கணவர், பெரம்பலூரில் ஒரு வெங்காய மண்டியில் ஏலம் கூறுபவர். இருபத்தாறு வருடமாக அதுதான் வேலை. வாசலில் நின்று கூவினால் பின்சுவரில் நிற்பவருக்கும் கேட்கும். போன வருடம் அவருக்குத் தொண்டை கரகரக்கத் தொடங்கியது. தை மாதம் குரல் உடைந்தது. திருச்சியில் ஒரு மருத்துவமனையில் குரல்நாணில் வளர்ந்திருந்த சிறு முடிச்சை எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் மூன்று வாரம் பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது, அதில்தான் தொண்டை இன்னும் இறுகும் என்றார் டாக்டர். மூன்று வாரம் கழித்து அவர் முன்னால் வந்து பேசிக் காட்ட வேண்டும். எவ்வளவு குரல் திரும்பும் என்பதை அன்றுதான் சொல்ல முடியும். குரல் திரும்பாவிட்டால் ஏலக்காரருக்கு மண்டியில் வேலை இல்லை. அவருக்கு வேறு வேலையும் தெரியாது.

"போன் அடிச்சா பழக்கதோசத்துல 'சொல்லுங்க'ன்னுடுவாரு. நீ வந்து இருடா. நீ எடுத்துப் பேசு," என்று அக்கா அழைத்தாள். நான் நாளிதழ் வேலையில் இருப்பவன். மீதமிருந்த விடுப்பை எடுத்துக்கொண்டு போனேன். வெங்காயக்காரர்களும் லாரிக்காரர்களும் உறவுக்காரர்களும் அழைத்தார்கள். மாமா பக்கத்தில் உட்கார்ந்து, கிழித்த நாள்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் பதிலை எழுதுவார். நான் படித்துச் சொல்வேன். ராகுகாலமும் நல்ல நேரமும் அச்சிட்ட தாள்களின் மறுபக்கத்தில், பென்சிலால் எழுதிய ஒரு மனிதரின் பேச்சு நாள்தோறும் சேர்ந்துகொண்டு வந்தது.

அக்காவின் வேண்டுதலை நான் மூன்றாம் நாள்தான் அறிந்தேன். அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே, பெஞ்சில் உட்கார்ந்து அவள் வேண்டிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் முதல் அறுவடையில் ஒரு பங்கைக் கல்லங்குறிச்சிப் பெருமாளுக்குக் கொண்டுபோய் வைப்பார்கள். நெல்லோ கடலையோ மிளகாயோ, எது விளைந்ததோ அது. அக்காவுக்கு நிலம் இல்லை. கொல்லையில் ஒரு நாட்டுக் கொய்யா இருந்தது. அது அந்த வருடம்தான் முதன்முதலாகக் காய்த்திருந்தது. மொத்தம் ஏழு காய்.

"என்னன்னு வேண்டிக்கிட்ட? சரியா சொல்லு," என்று கேட்டேன். வாசகத்தைச் சரியாகக் கேட்பது தொழில் பழக்கம்.

"மொத காய்ப்புல ஒரு பழம். மரத்துலயே பழுத்தது. வாய் படாதது. அவரு டாக்டர் முன்னால வாயத் தொறக்குறதுக்குள்ள கொண்டாந்து வச்சிடறேன், குரலைக் குடுத்துடுன்னு."

"மரத்துலயே பழுக்கணும்னு ஏன்க்கா சொன்ன? காயாப் பறிச்சு அரிசியில போட்டு வச்சா நாலு நாள்ல பழுத்துடும்."

"எனக்கென்ன தெரியும்? நல்லதா குடுக்கணும்னு வாயில வந்துச்சு, சொல்லிட்டேன். இனிமே மாத்த முடியுமா? நீங்க பேப்பர்ல போடுற மாதிரி மறுநாளு திருத்தம் போட்டுக்கலாமா?"

மாமா தாளில் எழுதிக் காட்டினார்: "ஏலம் விட்டது விட்டதுதான்."

ஆக, வேண்டுதல் தெளிவாக இருந்தது. பழம் மரத்தில் பழுக்க வேண்டும். பழுத்தால் வாசனை கிளம்பும். வாசனை கிளம்பினால் இரண்டு வாய்கள் வரும். அந்த இரண்டையும் கவனிப்பதுதான் போன் அடிக்காத நேரத்தில் என் வேலையாயிற்று.

பகலில் வந்தது கொண்டைக்குருவி. கறுத்த தலை, கலைந்தது போன்ற சிறு கொண்டை, செதில் செதிலாகப் பழுப்பு உடம்பு. பறக்கும்போது வால் தொடங்கும் இடத்தில் வெள்ளை தெரியும். வாலடியில் குங்குமம் அப்பியது போல் ஒரு சிவப்பு. ஒரு ஜோடி. காலை ஆறு இருபதுக்கு முன் அவை வந்து நான் பார்த்ததில்லை. வருவதற்கு முன்னால் அவற்றின் சத்தம் வரும். வேலியில் ஒரு சொல், முருங்கையில் ஒரு சொல், பிறகு கொய்யாவில் முழு வாக்கியம். பழத்தைத் தின்னும்போதுகூட நடுவில் நிமிர்ந்து எதையாவது சொல்லிவிட்டுத்தான் மறுபடி குனியும். பழம் எங்கே காய்த்ததோ அங்கேயே வைத்துத் தின்னும். காம்பிலிருந்து அறுக்காது. மேல்தோலில் ஒரு துளை போட்டு, நாள் முழுக்க வந்து வந்து அதைக் கிண்ணமாக்கும். சாயங்காலம் பார்த்தால் பழத்துக்குள் வெளிச்சம் தேங்கியிருக்கும்.

அந்தியில் வந்தது பழவௌவால். அதற்குக் குட்டை மூக்கு. நாய்க்குட்டிக்கு இருப்பது போன்ற முகம். காது விளிம்பில் வெள்ளைக் கோடு. ஆறே முக்காலுக்கு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிறங்கள் ஒவ்வொன்றாக மரத்தைவிட்டுப் போகும். முதலில் பழத்தின் மஞ்சள், பிறகு இலையின் பச்சை. கிளையும் ஆகாயமும் மட்டும் மிஞ்சும். அப்போது கீழே விழுந்த இலை ஒன்று மேல்நோக்கி எழுவது போல ஏதோ அசையும். அவ்வளவுதான். சத்தம் இருக்காது. பழம் ஒரு தடவை ஆடும். சிறிய பழமாக இருந்தால் அது இருந்த இடம் காலியாக இருக்கும். வௌவால் அதைக் கவ்விக்கொண்டு எதிர்வீட்டு டீச்சரின் நெட்டிலிங்க மரங்களுக்குப் போய்விடும். தலைகீழாகத் தொங்கி, மென்று, சாற்றை விழுங்கி, சக்கையைத் துப்பும். காலையில் அந்த மரங்களின் அடியில் சக்கைகள் கசக்கி எறிந்த காகிதத் துண்டுகள் போலக் கிடக்கும்.

கையில் எடுத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே எடைதான் இருக்கும். ஒன்று கிளையில் நின்று தூங்கும், மற்றது கிளையிலிருந்து தொங்கித் தூங்கும். ஒரே மரத்துக்கு, ஒரே பழத்துக்கு வரும் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை. வௌவால் கடைசியாகப் போவதற்கும் குருவி முதலில் வருவதற்கும் நடுவில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. அந்த இடைவெளியில் மரத்துக்கு வருபவர் யாருமில்லை. பனி இலையிலிருந்து இலைக்குச் சொட்டும். கொல்லை முழுவதும் பழுத்த கொய்யா வாசனை நிற்கும். மாமா தினமும் அந்த நேரத்துக்கு எழுந்து வந்து என் பக்கத்தில் நிற்கத் தொடங்கினார். ஒருநாள் தாளில் எழுதினார்: "மண்டி திறக்கறதுக்கு முன்னால இப்படித்தான் இருக்கும்."

நான் அவரைத் தேற்றுவதற்காக ஒன்று சொல்லிவைத்தேன். "வௌவால் சும்மா இருக்கிறதா நினைக்காதீங்க மாமா. அது ஓயாம கத்திக்கிட்டேதான் பறக்கும். நம்ம காதுக்குத்தான் எட்டாது. அந்தக் கத்தல் எதிர்ல பட்டுத் திரும்புறத வச்சுத்தான் வழி கண்டுபிடிக்குது."

அவருக்கு அது பிடித்துப்போயிற்று. அன்று முழுவதும், வந்தவர்களிடமெல்லாம் வௌவாலைச் சுட்டி, பிறகு தன் தொண்டையைச் சுட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். மறுநாள் சரிபார்த்தபோது தெரிந்தது, அது பூச்சி தின்னும் வௌவால்களின் பழக்கம். எங்கள் கொய்யாவுக்கு வந்த இனம் அப்படிக் குரல் எறிந்து வழி தேடுவதில்லை. கண்ணையும் மூக்கையும் நம்பித்தான் பறக்கிறது. கீச்சிடும், ஆனால் அது வழி தேட அல்ல. தவறான செய்தியை அப்படியே விட மனம் வரவில்லை. போய்ச் சொன்னேன்.

மாமா புதிய தாள் ஒன்றைக் கிழித்தார். பிறகு எழுதினார்: "அப்ப அதுவும் வாயை மூடிக்கிட்டுத்தான் பிழைக்குது. நல்லது."

பழங்கள் குறைந்துகொண்டு வந்தன. ஆறில் ஒன்றைக் குருவிகள் கிண்ணமாக்கின. ஒன்று அந்தியில் காணாமல் போனது. ஒன்றுக்கு யார்மீதும் குற்றமில்லை, காம்பு அழுகித் தானாக விழுந்தது. மூன்று மிஞ்சின. அக்கா மாமாவின் பழைய துணிப் பையிலிருந்து வெங்காயம் போடும் சிவப்பு வலைப் பைகளை எடுத்து வந்தாள். நாற்காலி போட்டு ஏறி, மூன்று பழத்துக்கும் ஆளுக்கொரு சட்டை போல மாட்டி, காம்பில் நூலால் கட்டினாள். மரம் திருவிழாவுக்குத் தோரணம் கட்டினது போல ஆகிவிட்டது.

அதில் ஒன்று அன்றைக்கே போயிற்று. பைக்குள் காம்பைத் தூக்கிக் கட்டும்போது அக்காவின் கை பட்டே அது காயாக உதிர்ந்தது. "நானே பறிச்சிட்டேன்," என்றாள். அதைத் தின்னவும் மனமில்லாமல், சன்னல் திட்டில் கொண்டுபோய் வைத்தாள்.

மிச்சம் இரண்டு. அவற்றில் ஒன்று கல் போன்ற காய். இன்னொன்று மஞ்சள் தட்டத் தொடங்கியிருந்தது. டாக்டரிடம் போக ஒன்பது நாள் இருந்தது. கல் காய் அதற்குள் பழுக்காது என்பது அக்காவுக்கும் தெரியும். எல்லாம் அந்த மஞ்சளிடம் வந்து நின்றது.

இரண்டு நாள் கழித்து மதியம் குருவி அதைக் கொத்தியது. வலையின் கண்ணுக்குள் அலகு நுழையும் என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. நான் கைதட்டி விரட்டியபோது பழத்தின் ஒரு பக்கத்தில் கடுகளவு துளை விழுந்திருந்தது.

அக்கா மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சத்தம் கேட்டு எதிர்வீட்டு டீச்சர் வந்தார். வரதராஜன்பேட்டைப் பக்கத்துக்காரர். பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுத்து ஓய்வு பெற்றவர். மாதாவைத் தவிர யாரிடமும் குரலைத் தாழ்த்தாதவர்.

"என்னம்மா, இதுக்குப் போயி இப்படி உக்காந்துட்ட? குருவி கொத்துனது எச்சியா? கிளி கொத்துனத ஊரே தேடித் தேடித் திங்குது. அதுதான் இனிப்புங்குது."

"வாய் படாததுன்னு சொல்லிட்டனே டீச்சர்."

"அதுக்கு ஏது வாய்? அலகும்மா அது. பல்லு இல்ல, உதடு இல்ல. எச்சின்னா பல்லு இருக்கணும். வவ்வால் கடிச்சா எச்சி. அது குட்டி போடுது, பால் குடுக்குது, நம்ம சாதி. அதான் அதுக்கு எச்சி உண்டு."

அக்கா யோசித்தாள். "அப்ப அணிலு? அதுவும் பல்லால கடிச்சுப் பால் குடுக்குறதுதான? அணில் கடிச்சத எச்சின்னு யாரும் சொல்லலையே."

டீச்சர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். "அணிலு... அணிலு பகல்ல வருதும்மா. கண்ணுக்குத் தெரிஞ்சு திங்குது."

"நல்லாருக்கு. பகல்ல கடிச்சா எச்சி இல்லியாம், இருட்டுல கடிச்சா எச்சியாம்."

"என்கிட்ட ஏன் கேக்கற? உங்க பெருமாளுதான, நீ கேளு. எங்க கோயிலா இருந்தா பாதிப் பூசணிக்காயக் கொண்டாந்து வச்சாக்கூட ஃபாதர் வாங்கிப்பாரு."

மாமா கதவோரத்தில் நின்று எழுதி நீட்டினார். நான் வாங்கிப் படித்தேன்: "வவ்வால் தலைகீழா தொங்குது. எச்சி வாயை விட்டு வெளிய வராது. அதுவும் சுத்தம்தான்."

டீச்சர் சிரித்த சிரிப்பில் குருவிகள் இரண்டும் வேலியைத் தாண்டிப் போயின. அக்காவும் சிரித்துவிட்டாள். பிறகு எழுந்து, குருவியின் துளையை அருகில் போய்ப் பார்த்தாள். "அலகுதான்," என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். மாமாவின் பழைய வேட்டியைக் கிழித்து, வலைக்கு உள்ளே பழத்தைச் சுற்றிக் கட்டினாள். இனி அதன்மேல் வேறு எதுவும் படாமல் இருந்தால் அதுவே வேண்டுதலுக்கான பழம் என்று முடிவாயிற்று.

மூன்று நாள் எதுவும் படவில்லை. வேட்டித் துணிக்குள் பழம் பழுத்தது. துணியின் வழியே வாசனை கசிந்தது. சாயங்காலங்களில் வௌவால் வந்து துணியைச் சுற்றிவிட்டுப் போவதைப் பார்த்தேன். தொடவில்லை. அக்கா நாளை மறுநாள் பறிப்பதென்று நினைத்தாள். "முழுசா பழுக்கட்டும். அரைகுறையா வேணாம்," என்றாள்.

அடுத்த நாள் காலை ஆறு பத்துக்கு, யாரும் வராத அந்தப் பத்து நிமிடத்தில், குருவிகள் கத்திக்கொண்டிருந்தன. நேரம் தப்பி வந்திருந்தன. பாட்டு இல்லை. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப, கரகரப்பாக, கிளைக்குக் கிளை தாவிக் கத்தின. மூவரும் ஒன்றாகத்தான் கொல்லைக்கு வந்தோம்.

வலைப் பையில் வௌவால் மாட்டியிருந்தது. சிறகின் கட்டைவிரல் கொக்கி சிவப்பு வலையில் சிக்கி, ஒரு பக்கச் சிறகு குடை போல விரிந்து, மற்றது மடிந்து கிடந்தது. அசையாமல் எங்களைப் பார்த்தது. விளக்கு அணைந்த அறையில் விழித்திருப்பவரின் கண் போல அந்தக் கண் இருந்தது. இரண்டு வகை உயிர்களும் நேருக்கு நேர் இருந்து நான் பார்த்த ஒரே காலை அது. குருவிகள் ஒரு கை தூரத்தில் நின்று கத்தின. வௌவால் வாய் திறக்கவில்லை. வேட்டித் துணி கிழிந்து தொங்கியது. பழத்தில், குருவித் துளைக்கு மறுபக்கம், பிறை வடிவத்தில் பல் வரிசை.

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பினாள். சுவரில் சாய்த்திருந்த துரட்டியை எடுத்தாள். நீண்ட மூங்கில், நுனியில் அரிவாள். அவள் எதை அடிக்கப் போகிறாள் என்பதில் சந்தேகம் இல்லை. நான் கிணற்றுப் பக்கம் நின்றிருந்தேன். ஓடினாலும் எட்டியிருக்காது.

மாமா கைதட்டினார். அவள் திரும்பவில்லை. மறுபடி தட்டினார். துரட்டி உயர்ந்தது.

அப்போது மாமா மூச்சை இழுத்தார். மண்டியில் விலை கூவுவதற்கு முன்னால் அவர் இழுக்கும் மூச்சு. விலா விரிந்து, தோள் உயர்ந்து, கழுத்து நரம்பு புடைக்கும். தூரத்திலிருந்தும் கேட்கும் மூச்சு அது. வாய் திறந்துவிட்டது.

கைதட்டலுக்குத் திரும்பாத அக்கா அந்த மூச்சுக்குத் திரும்பினாள். துரட்டி கை நழுவிச் செம்பருத்தியின்மேல் விழுந்தது. ஓடிவந்து இரண்டு உள்ளங்கையாலும் அவர் வாயைப் பொத்தினாள்.

"வேணாங்க. வேணாங்க. நான் ஒண்ணும் பண்ணல. வாயத் தொறக்காதீங்க. சொல்லுங்க, கையால சொல்லுங்க, என்ன பண்ணணும்? பண்ணறேன்."

அந்த மூச்சு குரலாக வெளியே வந்ததா இல்லையா என்பதில் எங்களுக்குள் இன்றும் ஒத்த கருத்து இல்லை. அக்கா வந்தது என்கிறாள். அவளுடைய உள்ளங்கையில் அதிர்ந்ததாம். மாமா இல்லை என்று தலையை ஆட்டினார். குருவிகளின் கத்தலில் எனக்குக் கேட்கவில்லை.

மாமா விரலால் கத்தரி காட்டினார். பிறகு வௌவாலின் மார்பைக் காட்டினார். அப்போதுதான் நாங்கள் இருவரும் பார்த்தோம். மடிந்த சிறகுக்குள், தாயின் மார்பில் வாய் வைத்து ஒட்டிக்கொண்டு, இன்னும் மயிர் சரியாக முளைக்காத குட்டி ஒன்று இருந்தது. அத்தனை கலவரத்திலும் அது வாயை எடுக்கவில்லை.

மாமாவின் தடித்த துண்டைக் கையில் நான்கு மடிப்பாகச் சுற்றிக்கொண்டு நான் பையைப் பிடித்தேன். அக்கா நாற்காலிமேல் ஏறி, ஜாக்கெட் தைக்கும் கத்தரியால் வலையைக் கண் கண்ணாக வெட்டினாள். சிறகின்மேல் ஒரு வெட்டும் விழவில்லை. கடைசி நூல் அறுந்ததும் வௌவால் துண்டின்மேல் ஒரு கணம் கிடந்தது. துண்டுக்குள் ஒரு சூடு தெரிந்தது. பிறகு ஊர்ந்து விளிம்புக்கு வந்து, விழுவது போலச் சரிந்து, விழாமல் எழுந்து, குட்டியோடு நெட்டிலிங்கங்களுக்குப் போய்விட்டது. குருவிகள் வேலி வரை துரத்திப் போய்த் திரும்பி வந்தன. கொஞ்ச நேரத்தில், ஒன்றும் நடக்காதது போல, வழக்கமான பாட்டைத் தொடங்கின.

பழம் அக்காவின் கையில் இருந்தது. ஒரு பக்கம் அலகு. ஒரு பக்கம் பல். காம்பிலிருந்து லேசாகத் தொட்டதும் வந்துவிட்டதாம். அவ்வளவு பழுத்திருந்தது.

"இதையே கொண்டுபோறேன்," என்றாள்.

"வௌவால் கடிச்சதுக்கா. காய்ச்சல் பரவுதுன்னு எச்சரிக்கைச் செய்தி நானே எழுதியிருக்கேன். யாரும் திங்கக் கூடாது."

"யாரும் திங்க வேணாம். போயிச் சொல்லிடறேன். வாய் படாம குடுக்கறேன்னு சொன்னேன், குடுக்க முடியல. ரெண்டு வாய் பட்டுடுச்சு. ஒண்ணு பால் குடுக்குற வாய். இருக்கறது இதுதான், எடுத்துக்கறதும் எடுத்துக்காததும் உன் இஷ்டம்னு சொல்லிடறேன்." பிறகு, "அவரு வாயத் தொறந்ததையும் சொல்லிடறேன்," என்றாள்.

அன்றே கல்லங்குறிச்சிக்குப் போனோம். மாமா வீட்டில் இருந்தார். போனை டீச்சரிடம் கொடுத்திருந்தோம். பஸ்ஸில் அக்கா பழத்தை வாழை இலையில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். முன்சீட்டில் ஒரு குடும்பம் கடலை மூட்டையோடு உட்கார்ந்திருந்தது. சன்னலுக்கு வெளியே பனி கலைந்து, வயல்களுக்குமேல் ஒரு வெள்ளைத் துணியை யாரோ மெதுவாக உருவுவது போலப் போய்க்கொண்டிருந்தது. கோயிலில் கூட்டம் இல்லை. மூட்டைகளும் படியில் அளந்த தானியமும் வைக்கும் இடத்தில், இலையைப் பிரித்து, பழத்தை வைத்தாள். கடிபட்ட பக்கத்தைக் கீழே திருப்பி வைக்கவில்லை. கண்ணை மூடி நெடுநேரம் உதட்டை அசைத்தாள். என் காதுக்கு ஒன்றும் எட்டவில்லை. பிறகு அங்கிருந்தவரிடம், "இதை யாரும் சாப்பிடாதீங்க, வவ்வால் வாய் பட்டது," என்றாள். அவர் பழத்தையும் அவளையும் பார்த்தார். "சரிம்மா," என்றார்.

மூன்று நாள் கழித்துத் திருச்சி. டாக்டர் கேமரா பொருத்திய சிறு குழாயை விட்டுப் பார்த்து, புண் ஆறியிருக்கிறது என்றார். "இப்ப பேசுங்க," என்றார். மாமா அக்காவைப் பார்த்தார். அவள் என் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். அவர் மூச்சை இழுக்காமல், சாதாரணமாக, "என்ன பேச?" என்று கேட்டார். குரல் தாழ்ந்திருந்தது. கரகரப்பு இல்லை. அக்கா வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். கத்தக் கூடாது, மைக் வைத்துக்கொள்ளலாம், மிச்சம் போகப் போகத்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லி முடித்ததை நான் எழுதிக்கொண்டேன். வௌவால் மாட்டிய காலையில் மாமா மூச்சை இழுத்ததைப் பற்றி டாக்டரிடம் சொன்னோம். அதனால் கெட்டதா, கெடவில்லையா என்று சொல்ல முடியாது என்றார்.

மாமா மைக் வேண்டாம் என்றார். பங்குனி பிறந்த வாரம் மண்டிக்குத் திரும்பினார். நானும் போயிருந்தேன். சின்ன வெங்காய மூட்டைகளை வாசலிலிருந்து பின்சுவர் வரை ஒரே வரிசையாக அடுக்கியிருந்தார்கள். அவர் முதல் மூட்டையின் பக்கத்தில் நின்று விலை கூறத் தொடங்கியதும், நான் வரிசையை ஒட்டிப் பின்னோக்கி நடந்தேன். பதினொன்றாவது மூட்டை வரை கேட்டது. மொத்தம் நாற்பது மூட்டைகள்.